கட்டின் இறுக்கம்

திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த சாலைக் கடைத்தெருவில், தமிழகத்திலிருந்து வந்து வாணிபம் செய்யும் குடும்பங்கள் பல. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என் எட்டு வயது மகன் கடையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளின் மீதேறி விளையாடுகையில் கீழே விழுந்தான். இடது முழங்கை வீங்கிற்று. கையை அசைக்க மாட்டாமல் கதறினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்றாள் என் மனைவி. நானோ, ஊரில் என் தந்தையாருக்கு நாட்டுக்கட்டுப் போட்டுக் குணமான நினைவில், பையனை எலும்பு கட்டுபவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டினார். இறுக்கம் மிகுந்தால் எலும்பு விரைவில் கூடும் என்று நானும் நம்பினேன்.

நள்ளிரவில், விரல்கள் மரத்துப் போவதாகப் பையன் அழுதான். விளக்கேற்றிப் பார்த்தோம். விரல்கள் நீலம் பாரித்துச் சில்லிட்டிருந்தன. நான் திகைத்து நிற்க, என் மனைவி கத்தரிக்கோலால் கட்டை அறுத்தெறிந்தாள். உடனே மருத்துவமனைக்கு விரைந்தோம்.

மருத்துவர் முதலில் எலும்பைப் பாராமல் மணிக்கட்டில் நாடியைப் பார்த்தார். விரல்களை அசைக்கச் சொன்னார். தொடுவது தெரிகிறதா என வினவினார். பிறகே எக்ஸ்ரே எடுக்கச் செய்தார். 1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த அக்கதிர், உள்ளிருக்கும் எலும்பைக் கண்முன் காட்டுகிறது. ஒரு பக்கத்தில் மறையும் கீறல் மறுபக்கத்தில் தெரியக்கூடுமாதலால், நேராகவும் பக்கவாட்டிலும் இரு படங்கள் எடுத்தனர். முழங்கைக்குச் சற்று மேலே கீறல் இருந்தது. நல்லவேளையாக எலும்பு விலகவில்லை.

"இறுக்கம் எலும்பை ஒட்டவைப்பதில்லை; அசைவின்மையே வேண்டும்" என்றார் மருத்துவர். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே குருத்தெலும்புப் பாலம் உண்டாகிறது. பின்னர் அதில் சுண்ணச்சத்துப் படிந்து எலும்பாகிறது. அது பழைய வடிவம் பெற மாதங்கள், ஏன், ஆண்டுகளும் ஆகலாம். குழந்தைகளுக்கு விரைவில் கூடும், புகைபிடிப்போர்க்குத் தாமதமாகும். ஆனால் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திலேயே தசைகள் மடியத் தொடங்கும். கை மடங்கி முடமாகிவிடும். இறுக்கமான கட்டினால் நேரும் இக்கேட்டை ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மான் 1881லேயே எழுதி வைத்தார் என்று பின்னர் அறிந்தேன்.

மூன்று வாரம் மாவுக்கட்டு இருந்தது. இன்று என் மகனின் கை குறையின்றி மடங்கி நிமிர்கிறது. அன்று விடியும்வரை பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

அன்பர்களே! அடிபட்டால் முதலில் படம் எடுத்துப் பாருங்கள். நாட்டுக்கட்டாயினும் மாவுக்கட்டாயினும், விரல்களை அடிக்கடி கவனியுங்கள். வலி பெருகினாலோ, விரல்கள் மரத்தாலோ, நிறம் மாறினாலோ காலைவரை காத்திராதீர்கள். வீட்டிலுள்ள பெண்கள் சொல்லும் எச்சரிக்கையையும் தள்ளாதீர்கள். இது, தள்ளிவிட்டு வருந்திய ஒருவனின் வேண்டுகோள்.