ஆயக்குடியில் கிவி காய்க்குமா?

'ஆயக்குடியில் ஒரு ஏக்கர் கொய்யா வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டு கிவி போடலாமா? வெயில் தாங்கும் ரகம் என்று கன்று விற்பவர் சொல்கிறார். முன்பணமும் கொடுத்துவிட்டேன்' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதுவதைவிட அவரை மலைக்கே கூட்டிப் போவது நல்லது என்று தோன்றியது. தை மாதத்தில் ஒருநாள் பழனியிலிருந்து விடியுமுன் புறப்பட்டோம்.

அடிவாரத்தில் தென்னை, மா, கொய்யா. சவரிக்காடு தாண்டி ஏற ஏறக் காபி, சில்வர் ஓக்கில் படர்ந்த மிளகு, நடுநடுவே மலைவாழை. 2008-ல் புவிசார் குறியீடு வாங்கிய விருப்பாட்சி வாழை இந்த மலைச் சரிவுகளுக்கே உரியது. பெருமாள்மலைப் பக்கம் பட்டர் ஃப்ரூட், பிளம்ஸ், பேரிக்காய். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல். அதையும் தாண்டினால் பூம்பாறையில் பூண்டு. குளிர் கூடக் கூடப் பயிர் மாறுவதை அவரே சொல்லிக்கொண்டு வந்தார்.

கொடைக்கானலில் இறங்கியதும் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "இந்தக் குளிர் போதாதா சார்?" என்றார்.

"கணக்குப் போடுங்க தம்பி" என்றேன். கிவி, சீனா தாயகமாகக் கொண்ட, இலை உதிர்க்கும் கொடி. குளிர்காலத்தில் நன்றாக உறங்கினால்தான் வசந்தத்தில் பூக்கும். கடைகளில் அதிகம் கிடைக்கும் ஹேவர்ட் ரகத்துக்கு, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 700 முதல் 800 மணி நேரம் தேவை. ஓர் இரவுக்கு 8 மணி நேரம் என்றாலும் 90 இரவுகள் வேண்டும். கொடைக்கானலிலேயே புல்லில் உறைபனி படிவது மார்கழி, தையில் சில நாள்தான். ஆயக்குடியில் அந்தக் குளிர் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. கோடையில் 35 டிகிரியைத் தாண்டினால் இலை கருகும்.

இதற்குப் பழைய சாட்சியும் உண்டு. இந்தியாவில் கிவியை முதலில் நட்டது 1960-ல், பெங்களூரு லால்பாக் தோட்டத்தில். குளிர் போதாமல் அங்கே அது காய்க்கவில்லை. 1963-ல் சிம்லாவில் நட்ட கொடிகள் 1969-ல் காய்த்தன. பழனி அடிவாரத்தைவிடப் பெங்களூரு எவ்வளவோ குளிர்ச்சி!

இன்னொன்றும் சொன்னேன். கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. எட்டுப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடியாவது வேண்டும். விதைக் கன்று என்றால் பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. ஒட்டுக் கன்றே காய்க்க நாலைந்து வருடம் ஆகும். கல் கால் ஊன்றிக் கம்பிப் பந்தலும் போடவேண்டும். இத்தனை செலவுக்குப் பிறகு இலை மட்டும் இருந்தால் என்ன செய்வது?

மேல்மலையில் நிலம் உள்ளவர்கள் ஆசைப்பட்டால், முதலில் வெப்பமானி வாங்கி இரண்டு குளிர்காலம் இரவு வெப்பத்தைக் குறித்து வையுங்கள். பிறகு குளிர் குறைவாகக் கேட்கும் அலிசன், புரூனோ ரகங்களில் நாலைந்து ஒட்டுக் கன்று மட்டும் நட்டுப் பாருங்கள். கொடைக்கானலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பணம் கட்டுமுன் அங்கே கேளுங்கள்.

போன வாரம் அந்த வாசகர் போன் செய்தார். முன்பணம் இன்னும் திரும்பவில்லையாம். கொய்யாவை எடுக்காமல் கவாத்து செய்துவிட்டாராம். புதுத் துளிரில் மொட்டு வந்திருக்கிறதாம்.