எவ்வளவு வேகமாக நடப்பது?

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்ததும் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "மாரடைப்பு வந்து பிழைத்தவர் தாங்கள். நடக்கச் சொல்கிறார்கள், எவ்வளவு வேகமாக என்பதுதான் விளங்கவில்லை" என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லேன். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் 40 ஆண்டுகள் கணக்கெழுதியவன்.

கணக்கனாக இருந்ததே எனக்கு வினையாயிற்று. 68-ஆம் வயதில் நோய் கண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து மீண்ட சில வாரங்களில் நண்பர் ஒருவர் ஒரு சூத்திரம் கற்பித்தார். 220-இல் வயதைக் கழித்து, மிஞ்சியதில் நூற்றுக்கு 70 பங்கு நாடி ஓடும்படி நடக்க வேண்டுமாம். 152, அதில் 70 பங்கு 106. எண் கிடைத்துவிட்டால் கணக்கனுக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளை ஒட்டி நடந்தேன். நின்று எண்ணினால் நாடி 84. வேகத்தைக் கூட்டினேன், 88. மூன்றாம் நாள் ஓட்டமும் நடையுமாகப் போனபோது கண் இருண்டது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் தாங்கிப் பிடித்து ஒரு கடைப் படியில் அமர்த்தினார். அப்போதும் என் விரல் நாடியின்மேல்தான் இருந்தது. 96!

டாக்டர் கேட்டது ஒன்றே: "தினமும் விழுங்குகிறீர்களே, அந்த மாத்திரை எதற்கு?" பீட்டா பிளாக்கர் என்னும் அம்மருந்து இருதயத் துடிப்பை அடக்கி வைப்பது. கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே குதிரையைச் சவுக்கால் அடித்திருக்கிறேன். தவிரவும் அச்சூத்திரம் பலருடைய சராசரி. ஒரே வயதினர் இருவரிடையே பத்து, இருபது துடிப்பு வேறுபடுவது சாதாரணம்.

பின்னர் 6 நிமிஷம் என்னை நடக்க வைத்து, கடந்த தூரத்தை அளந்தார்கள். ஸ்வீடன் தேசத்து உளநூலறிஞர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் ஒன்றையும் காட்டினார்கள். 6 என்றால் சிரமமே இல்லை. 20 என்றால் இதற்குமேல் இயலாது. எனக்கு விதித்தது 11 முதல் 13 வரை. அதாவது இலேசு என்பதற்கும் சற்றுக் கடினம் என்பதற்கும் இடைப்பட்ட நிலை. இங்கே நாடியை எண்ணுவதில்லை, உடம்பையே கேட்கிறோம்.

வேளியிலுள்ள தோபிகானாவில் நம் தமிழ் வண்ணார் பெருமக்கள், என்னினும் மூத்தவர்கள், துணி துவைப்பதைக் கண்டு எனக்கு வெட்கமுண்டு. அதையும் டாக்டரிடம் சொன்னேன். "அதே வேலை அவர்களுக்கு 11 ஆக இருக்கும், உங்களுக்கு 17" என்று சிரித்தார்.

நடக்காமலே இருந்துவிடலாமே என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். 1965-இல் என் தந்தையாருக்கு மாரடைப்பு வந்தபோது ஆறு வாரம் புரளவும் விடாமல் கிடத்தினார்கள். அக்கால வழக்கம் அது. ஆனால் 1952-லேயே அமெரிக்காவில் லெவின், லௌன் என்னும் இரு டாக்டர்கள், நோயாளியைப் படுக்கையில் கிடத்தாமல் நாற்காலியில் அமர்த்துவதே நலம் என்று எழுதியிருந்தனர். அச்செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. எழுந்த தந்தையார் பழைய மனிதராக இல்லை. ஆகவே சும்மா இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்போது என் அளவுகோல் என் சகதர்மிணியே. டச்சு அரண்மனை வாசலிலிருந்து புறப்பட்டு முதல் பத்து நிமிஷம் உலாவுவதுபோல் நடப்போம், பிறகே வேகம். அவள் ஓயாமல் கேள்வி கேட்பாள். முழு வாக்கியமாக விடை வந்தால் சரி. இரண்டு சொல்லுக்கொரு முறை மூச்சு வாங்கினால் கையைப் பிடித்து நிறுத்திவிடுவாள். மார்பு வலித்தாலோ தலை சுற்றினாலோ அன்றைய நடை அத்தோடு முடிந்தது. வலி அடங்காவிடில் ஆஸ்பத்திரிதான். மழைக்கு முந்திய புழுக்க நாட்களில் பாதி வேகம் போதும். கொச்சியின் ஈரக் காற்றில் வியர்வை உலராது, இருதயத்துக்கு வேலை கூடும்.

சென்ற வாரம் வேளி வரை நடந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம்.