`இதுல ஒரு முருங்கைக்காய்கூட வைக்க முடியாதே பாப்பா!' - என் ஸ்போர்ட்ஸ் பைக்கும் ஒரு பையும்

தாம்பரத்திலிருந்து அண்ணா சாலையில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் பைக்கில்தான் போகிறேன். ஒரு வழிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். வண்டி யமஹா ஆர்15 வி3, செகண்ட் ஹேண்ட். வாங்கும்போது கலர் பார்த்தேன், டயர் பார்த்தேன், ஆர்.சி பார்த்தேன், லோன் வட்டியைக்கூடப் பார்த்தேன். பையை எங்கே வைப்பது என்று மட்டும் பார்க்கவில்லை.

அதை முதலில் பார்த்தவர் அப்பா. திருவண்ணாமலையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டேங்க்கைத் தட்டினார். பின்சீட்டை உள்ளங்கையால் அளந்தார். "இதுல ஒரு முருங்கைக்காய்கூட வைக்க முடியாதே பாப்பா, இன்னாத்துக்கு இது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் எங்களுக்குள் போன் பேச்சு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்பா" என்பதோடு முடிந்தது.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பா 20 வருடத்துக்கு மேல் லைன் வியாபாரம் செய்தவர். பிஸ்கட், மிட்டாய், ஊறுகாய் பாக்கெட் எல்லாவற்றையும் சுற்று வட்டாரக் கிராமங்களில் இருக்கும் பெட்டிக் கடைகளுக்குப் போடுவார். எல்லாம் டி.வி.எஸ் 50-ல். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த அந்த மொபெட் இல்லையென்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் வியாபாரமே செய்திருக்க மாட்டார்கள் என்பார். கால் வைக்கும் இடத்தில் ஒரு அட்டைப்பெட்டி, பின்னால் மூன்று, இரண்டு பக்கமும் கோணிப்பை. நடுவில் அப்பாவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு என் வண்டி எப்படித் தெரிந்திருக்கும்!

முதல் வருடம் முழுக்கப் பையை முதுகில்தான் மாட்டினேன். டிஜிட்டல் டெஸ்க் வேலையில் லேப்டாப் என்பது கை, கால் மாதிரி. லீவில் இருந்தாலும் பிரேக்கிங் நியூஸ் வந்தால் திறக்க வேண்டும். லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ரெயின்கோட். அம்மா வந்திருந்தபோது தராசில் வைத்துப் பார்த்தோம், 6 கிலோ. ஸ்கூட்டரில் நிமிர்ந்து உட்காருவதால் இந்த எடை அவ்வளவாகத் தெரியாது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கும், முன்னால் குனிந்தே ஓட்ட வேண்டும். பை முதுகில் ஏறி ஹெல்மெட்டின் பின்பக்கத்தை இடிக்கும், தலையை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க முடியாது. எடை தோளில் இறங்கி, மணிக்கட்டில் வந்து நிற்கும். கத்திப்பாரா நெரிசலில் கிளட்ச் பிடித்துப் பிடித்து, ஆபீஸில் டைப் அடிக்கும்போது இடது கை நடுங்கும். டாக்டரிடம் போனேன். "முதல்ல பையை முதுகுல இருந்து இறக்குங்க. விழுந்தா அந்த சார்ஜர்தான் உங்க முதுகெலும்புல குத்தும்" என்றார். அந்த ஒரு வரிக்கு ஃபீஸ் கொடுத்தேன், ஆனால் பேசாமல் கொடுத்தேன்.

அப்புறம்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. ஊருக்குக் கிளம்பும்போது ரோட்டோரக் கடையில் இரண்டு எலாஸ்டிக் கயிறு வாங்கி, லேப்டாப் பையைப் பின்சீட்டில் வைத்துக் கட்டினேன். இரண்டு முனையிலும் கொக்கி இருக்குமே, அதுதான். இழுத்து மாட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. திண்டிவனத்தில் திரும்பி, செஞ்சிக்கோட்டை தாண்டி, மணி ஆறரை இருக்கும். ஆடிக் காற்று பக்கவாட்டில் அடித்தது. பின்னால் ஏதோ அசைகிற மாதிரி இருந்தது, காற்றுதான் என்று நினைத்தேன். அடுத்து ரப்பர் கருகும் வாடை. முன்னால் போகும் லாரி என்று நினைத்தேன். பிறகு வண்டியின் பின்பக்கம் ஒரு உதறு உதறி இடது பக்கம் இழுத்தது. கிளட்ச்சைப் பிடித்துவிட்டேன், எப்படி என்று தெரியவில்லை. வேகம் அறுபதுக்குள் இருந்ததால் வண்டி மண் ஓரத்தில் வந்து நின்றது.

பை சரிந்து பின் டயர் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் தோள்பட்டை வார் செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் போய்ச் சுருண்டிருந்தது. இழுத்தால் வரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. சாலையில் வண்டிகள் போகின்றன, ஆனால் கைகாட்டப் பயமாக இருந்தது. நிறுத்துபவர் யாராக இருப்பார் என்று தெரியாதே.

நிலத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அண்ணனும் அவர் மனைவியும்தான் நின்றார்கள். அக்கா செல்போன் லைட்டைப் பிடிக்க, அண்ணன் கதிர் அரிவாளால் வாரைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார். "எந்த ஊரும்மா? தனியாவா வர்ற?" என்று அந்த அக்கா மூன்று தடவை கேட்டார். மிச்சமிருந்த பையைத் தேங்காய் நார்க் கயிற்றால் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு, நான் கிளம்பும்வரை அங்கேயே நின்றார்கள். லேப்டாப்பின் ஒரு மூலை டயரில் தேய்ந்து உள்ளே இருக்கும் சர்க்யூட் தெரிந்தது.

வீட்டில் சொல்லவில்லை. வழியில் மழை, அதான் லேட் என்றேன். காலையில் எழுந்து வந்தால், அப்பா வண்டி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். டயரில் துணி தேய்ந்த தடம். செயினில் நைலான் நூல். ஒன்றும் கேட்கவில்லை. பரணிலிருந்து பழைய சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்து வந்து, கத்தரியால் நீளநீளமாக நறுக்கினார். அம்மாவிடமிருந்து 5 கிலோ ஆரணி அரிசிப் பையை வாங்கிப் பின்சீட்டில் வைத்தார்.

"கொக்கி வேணாம். குழியில வண்டி குதிச்சா அது கழண்டுக்கும். கண்ணுல பட்டா கண்ணு போயிடும்" என்று தொடங்கினார். சீட்டைக் கழற்றச் சொன்னார். அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் டியூப்பைச் சுற்றி, நாலு மூலையிலும் நாலு கண்ணி விட்டார். சீட்டை மாட்டியதும் அந்தக் கண்ணிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதிலிருந்து பையைக் குறுக்கே கட்டினார். மிச்ச வாலை எல்லாம் உள்ளே செருகினார். தொங்கும் வார்தான் சக்கரத்தைத் தேடிப் போகும் என்றார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "பையப் புடிச்சு ஆட்டு" என்றார். ஆட்டினேன். "பை மட்டும் ஆடுனா கட்டு சரியில்ல. வண்டியே ஆடணும்."

வண்டி ஆடியது.

டூரிங் போகும் பைக்கர்கள் பல ஆயிரம் கொடுத்து வாங்கும் டெயில் பேக்கிலும் இதே வேலைதான் நடக்கிறது என்பது சென்னை வந்து ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறியபோதுதான் தெரிந்தது. சீட்டுக்கு அடியில் மாட்டும் வார், நாலு மூலையில் கண்ணி, பக்கிள். அப்பாவின் டியூப் மட்டும் பெல்ட்டாக மாறியிருந்தது!

முதலில் வாங்கியது டேங்க் பேக். இதில் இரண்டு வகை. காந்தம் வைத்தது ஒன்று, பெட்ரோல் மூடியைச் சுற்றி ஒரு வளையத்தை மாட்டி அதில் கிளிக் செய்வது இன்னொன்று. காந்த வகை வாங்குவதாக இருந்தால், வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்த பொம்மையை எடுத்துப் போய் உங்கள் டேங்க்கில் ஒட்டிப் பாருங்கள். இப்போது பல வண்டிகளில் டேங்க் மேல் பிளாஸ்டிக் மூடிதான் இருக்கிறது. நான் வளைய வகைதான் வாங்கினேன். எடை நம் முன்னால், வண்டியின் நடுவில் இருப்பதால் ஓட்டும்போது தெரியவே தெரியாது. நெடுஞ்சாலையில் குனியும்போது அதன் மேல் லேசாகச் சாய்ந்துகொள்ளலாம், மணிக்கட்டுக்கு விடுதலை. ஆனால் முதல் நாள் சைதாப்பேட்டையில் யூ டர்ன் அடித்தபோது ஹேண்டில் முழுக்கத் திரும்பி, பை ஹாரன் பட்டனை அழுத்தி, திருப்பம் முடியும்வரை விடாமல் அலறியது. முன்னால் நின்ற ஆட்டோக்கார அண்ணன் இறங்கியே வந்துவிட்டார். ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு டேங்க் பேக் வாங்கும்போது கடை வாசலிலேயே ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். சின்ன பைதான் சரிவரும். என்னுடையதில் டிபன், சார்ஜர், ரெயின்கோட், அவ்வளவுதான்.

பக்கவாட்டில் தொங்கும் சாடில் பேக் பார்க்க அழகு. எடை கீழே இருக்கும் என்பது நல்ல விஷயம். ஆனால் என் வண்டியில் வலது பக்கம் சைலன்ஸர் மேல்நோக்கி நிற்கிறது. பை அதில் பட்டால் உருகும். தடுக்க வெல்டிங் பட்டறையில் ஸ்டே அடிக்கலாம், பலர் அடிக்கிறார்கள். நான் அந்த வம்புக்குப் போகவில்லை. புல்லட், ஹிமாலயன் வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும்.

ஆக, லேப்டாப்புக்கு டெயில் பேக். பையின் அடியில் தடிமனாக ஃபோம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். மழைக்கு அதோடு கொடுக்கும் உறை நெடுஞ்சாலைக் காற்றில் பலூன் மாதிரி உப்பிப் பறந்துவிட்டது, அச்சிறுப்பாக்கம் பக்கம் எங்கோ கிடக்கும். இப்போது லேப்டாப்பைப் பெரிய பாலித்தீன் கவரில் போட்டு மடித்துத்தான் உள்ளே வைக்கிறேன். நனைந்ததே இல்லை.

டெயில் பேக்கில் யாரும் சொல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது. என் உயரம் 5 அடி 2 அங்குலம், சீட்டின் உயரம் 815 மில்லிமீட்டர். பின்னால் பை கோபுரம் மாதிரி நிற்கும்போது காலைத் தூக்கிப் போட முடியாது. மேல்மருவத்தூர் பெட்ரோல் பங்கில் கால் பையில் தட்டி, வண்டியோடு சாயப் பார்த்தேன். இப்போது சைடு ஸ்டாண்டில் நிற்கும்போதே முட்டியை மடக்கி டேங்க்குக்கும் பைக்கும் நடுவில் காலை நுழைக்கிறேன். பார்க்கக் கொஞ்சம் பரதநாட்டியம் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் அரிசிப் பை கற்றுக்கொடுத்ததுதான். அம்மா தரும் 5 கிலோ அரிசி, முறுக்கு டின், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் பின் கோடியில் வைத்தால், எடை பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் போய்விடுகிறது. முன் சக்கரம் இலேசாகி ஹேண்டில் மிதக்கிற மாதிரி இருக்கும். வண்டியின் வால் அமுங்கி, ஹெட்லைட் மேலே பார்க்கும். எதிரில் வருபவர்கள் எல்லாம் டிம் டிம் என்று லைட் அடித்துக்கொண்டே போவார்கள், நாம் ஹைபீமில் இருக்கிறோமோ என்று குழம்புவோம். கனமானதை அடியில், நம் இடுப்பை ஒட்டி வைக்க வேண்டும். முறுக்கு மேலே, கடைசியில். பின் டயரில் காற்றை, இரண்டு பேர் போவதற்குக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு ஏற்ற வேண்டும். அதே கையேட்டில் வண்டி தாங்கும் அதிகபட்ச எடையும் இருக்கும். நம் எடையும் அதில் சேர்த்தி.

(சென்னையில் அரிசி கிடைக்காதா என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் பேச்சை இங்கே எழுத முடியாது.)

பெட்டி மாட்டும் உத்தியைப் பெரிய தொழிலாக மாற்றியவர் ஒரு ரேஸர் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. இத்தாலியின் ஜுசெப்பே விசென்ஸி, மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் அவர் தொடங்கிய கம்பெனிதான் `கிவி'. அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். வேகமாக ஓட்டுகிறவருக்கும் சாமான் வைக்க இடம் வேண்டியிருந்திருக்கிறது! அந்த மாதிரிப் பெரிய பெட்டி மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். மத்திய மோட்டார் வாகன விதி 123-ல் 2020-ல் வந்த திருத்தப்படி, பைக்கில் வைக்கும் பெட்டி 550 மில்லிமீட்டர் நீளம், 510 அகலம், 500 உயரத்தைத் தாண்டக் கூடாது. பின்சீட்டு இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம். சேலை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு மாட்டும் கார்டும் இதே விதியில்தான் வருகிறது. ஸ்டைலாக இல்லை என்று பல பசங்க முதல் நாளே கழற்றுவது இதைத்தான். அன்று செஞ்சி பக்கத்தில் என் வண்டியிலும் அது இல்லை. பழைய ஓனர் கழற்றியிருந்தார், நானும் கண்டுகொள்ளவில்லை. இப்போது மாட்டிவிட்டேன்.

பையா ஆளா என்ற கேள்வி இந்த மாசியில் வந்தது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். முந்தின நாள் பஸ்ஸில் கிளாம்பாக்கம் வந்து இறங்கினார். டெயில் பேக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, டேங்க் பேக்கோடு போனேன். அவர் கையில் மஞ்சப்பை, வேட்டி, ரிப்போர்ட் ஃபைல். எல்லாவற்றையும் டேங்க் பேக்கில் திணித்தேன். பின்சீட்டைப் பார்த்தார். சீட் என் தோள் உயரத்துக்கு, ஒரு புத்தகம் அகலத்துக்கு இருக்கும். என் தோளைப் பிடித்து, இரண்டு முறை முயன்று ஏறினார். ஜி.எஸ்.டி ரோட்டில் நாற்பதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடித்தது. 20 வருடம் சுமையோடு ஓட்டியவர், முதல் தடவையாகச் சுமை மாதிரி பின்னால் உட்கார்ந்து வந்தார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு டேங்க் பேக்கைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். வண்டி ஆடியது. ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஹெல்மெட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"நான் ஆட்டோவுல வந்துடறேன் பாப்பா. பையை மட்டும் நீ வண்டியில எடுத்துட்டு வா."