காலி செய்தலும் கரையேற்றுதலும்

அபாயம் சூழ்ந்த இடத்தை விட்டு நீங்குதலைக் குறிக்க ஆங்கில பாஷையில் வினைச்சொற்கள் பல உள. அவற்றுள் 'இவாக்குவேட்' என்பது ஒன்று. வெள்ளம், புயல், யுத்தம் பற்றிய செய்தி வருந்தோறும் இச்சொல்லும் உடன் வரக் காண்கிறோம். இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்னும் சிறு வினா பல நாள் என் சிந்தையை விட்டு அகலாதிருந்தது.

மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில், கிராமத்தார் இவாக்குவேட் செய்யப்பட்டனர் என்னும் ஆங்கில வாக்கியத்தை மாணவரொருவர், 'கிராமத்தார் காலி செய்யப்பட்டனர்' என்று பெயர்த்தார். வகுப்பு முழுவதும் நகைத்தது. நம் வழக்கில் ஒருவனைக் காலி செய்தல் அவனைத் தொலைத்தலே அன்றோ? ஆயினும் அகராதியைப் புரட்டியபோது, அம்மாணவர் சொல்லின் வேரையே தொட்டுவிட்டார் என்பது விளங்கிற்று. வெறுமை என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லினின்று பிறந்தது இது. வெற்றிடத்தைக் குறிக்கும் 'வேக்குவம்' இதன் உடன்பிறப்பு. ஆய்வுசாலையில் குடுவையினின்று காற்றை நீக்குதற்கும், வைத்தியர் வாயில் வயிறு கழிதற்கும் இச்சொல்லே வழங்குகிறது. நாம் கூறும் 'காலி'யும் அரபு மொழியில் தோன்றி, இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து, வெறுமையையே குறிப்பது.

ஆதலின், வெறுமையாவது இடமேயன்றி மக்கள் அல்லர். ஊரை இவாக்குவேட் செய்யலாம், ஊராரைச் செய்தல் ஒவ்வாது என்று ஆங்கிலச் சொல்வழக்கில் பற்றுடையார் சிலர் வாதித்தனர். உலக வழக்கு அவ்வாதத்தை வென்றது. 1939 செப்டம்பரில் இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து குழந்தைகளும் தாய்மாருமாகச் சுமார் 15 லட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டபோது, அவ்வாறு அனுப்பப்பட்டோரைக் குறிக்கும் 'இவாக்குயீ' என்னும் பெயர் அங்கே வீடுதோறும் வழங்கலாயிற்று.

அப்பெயர் நம்மவர்க்கும் வாய்த்தது. 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசினர். 1942 மார்ச்சில் அந்நகரம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த இந்தியருள் சுமார் 5 லட்சம் பேர் தாய்நாடு நோக்கிப் புறப்பட்டனர். கப்பலில் இடம் பெற்றோர் சிலர். அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங்கிற்கும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தோர் பலர். பசியாலும், வாந்திபேதியாலும், காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். சர்க்கார் ஏடுகளில் இவர்களும் இவாக்குயீகளே. மேலூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்தில், அவ்வழி நடந்து வந்த முதியவர் ஒருவர் என் இளமையில் இருந்தார். எனக்குப் பாட்டனார் முறை. அக்கதையைச் சொல்லும்போதெல்லாம், 'நடந்தே வந்தோமய்யா' என்பார். 'கூட்டி வந்தார்கள்' என்று ஒருபொழுதும் சொன்னதில்லை. ஏட்டில் செயப்பாட்டுவினை, அவர் வாயில் தன்வினை. இரண்டிற்கும் இடையே எத்தனை காதம்!

தமிழ் இவ்விடத்தில் நுட்பம் உடையது. தானே நீங்கின் வெளியேறுதல். பிறர் நீக்கின் வெளியேற்றுதல். ஓர் ஒற்று மிகுந்தால் செய்வோன் மாறிவிடுகிறான். ஆயினும் ஒரு குறை உண்டு. வாடகை கொடாதாரையும் வெளியேற்றுகிறோம். வெள்ளத்தில் அகப்பட்டாரையும் வெளியேற்றுகிறோம். அன்பும் கடுமையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் நீர் தேக்கும் உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் கரையோர ஊர்களுக்கு விடுக்கப்படுகின்றன. பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுமாறு ஒலிபெருக்கி கூவும்போது, ஆற்றோரக் குடிசையிலுள்ள கிழவி கேட்பது ஒன்றே: 'எங்கே போக? என் ஆட்டை யார் பார்ப்பா?' இவ்வினாவிற்கு விடை கூறாத ஏவல் இடத்தை வெறுமையாக்கலாம். உயிரைக் காத்தல் அரிது.

நம்மிடம் 'கரையேற்றுதல்' என்றொரு சொல் உண்டு. வெள்ளத்தில் தவிப்பவனையும் கரையேற்றுவோம். கடனில் மூழ்கியவனையும் கரையேற்றுவோம். விட்ட இடம் அன்று, சேர்ந்த இடமே அச்சொல்லில் நிற்கிறது; கை கொடுப்பவன் ஒருவனும் அதனுள் நிற்கிறான்.

நாளை நம் மாணவருள் சிலர் தாசில்தாராகவும் பத்திரிகாசிரியராகவும் அமர்வர். அப்போது, 'இத்தனை பேர் வெளியேற்றப்பட்டனர்' என்று எழுதி நிறுத்தாது, இன்னார் துணையோடு இன்ன இடம் சேர்ந்தனர் என்பதையும் எழுதுவாராக. எழுதியாக வேண்டும் என்னும் கட்டாயம் இருப்பின், செய்தாக வேண்டும் என்னும் எண்ணமும் உடன் வரும்.