கம்பிக்குக் கீழே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க.

போன செமஸ்டரில் ஒரு நாள் ராத்திரி எங்க ஹாஸ்டலில் ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. மறுநாள் எனக்கு செமினார். லேப்டாப்பில் 11 சதவீதம் சார்ஜ், போனில் 6. வார்டனைத் திட்டினேன், மின்வாரியத்தைத் திட்டினேன், கடைசியில் இந்த நாட்டில் பிறந்ததையே திட்டினேன். அப்புறம் பக்கத்து ரூம் பையனிடம் பவர் பேங்க் கடன் வாங்கி, கொசுக்கடியில் உட்கார்ந்து ஸ்லைடு போட்டு முடித்தேன்.

நான் இ.இ.இ. செமினார் தலைப்பு ஹெச்.வி.டி.சி. மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக ரெண்டே வரி: ரொம்ப தூரத்துக்கு அதிக மின்சாரம் அனுப்ப வேண்டும் என்றால் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி அனுப்புவார்கள். இழப்பு குறையும். நம்ம புகளூருக்கு சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து அப்படித்தான் வருகிறது, கிட்டத்தட்ட 1,765 கிலோமீட்டர். ஆனால் வழியில் நினைத்த இடத்தில் கொக்கி போட்டு எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் அங்கே ஒரு கன்வெர்ட்டர் ஸ்டேஷன் கட்ட வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

உதாரணமாக நான் எடுத்துக்கொண்டது காங்கோ ஜனநாயகக் குடியரசின் லைன். காங்கோ நதி அட்லாண்டிக் கடலை நெருங்கும் இடத்தில் இங்கா என்று ஒரு அருவித்தொடர் இருக்கிறது. அங்கே 1972-லும் 1982-லும் ரெண்டு நீர்மின் நிலையங்கள் வந்தன. அங்கிருந்து நாட்டின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கொல்வேசிக்கு 1,700 கிலோமீட்டர் டி.சி. லைன். 1982-ல் முடிந்தது. அப்போது உலகத்திலேயே நீளமான லைன் அதுதான். கொல்வேசியில் என்ன இருக்கிறது? தாமிரச் சுரங்கம், கோபால்ட் சுரங்கம். மின்சாரம் போனது அவற்றுக்கு.

"டேக்-ஆஃப் பாயின்ட் இல்லை" என்று குறைகள் ஸ்லைடில் ஒரு வரி போட்டேன். சார் தலையாட்டினார். நல்ல மார்க். அத்தோடு மறந்துவிட்டேன்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்க ஊர். அப்பாயி லேப்டாப்பை எட்டிப் பார்த்து, "என்னப்பா அது, இம்மாம் பெரிய கோடு?" என்று கேட்டது. மேப்பைக் காட்டி விளக்கினேன்.

"அம்புட்டு தூரம் கம்பி போவுதே, கீழ இருக்குற சனத்துக்கு ஒரு குண்டு பல்பாவது எரியுமா?"

"இல்ல அப்பாயி. நடுவுல எடுக்க முடியாது."

"முடியாதா? குடுக்கலையா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. டெக்னிக்கலா முடியாது என்பது பாதி உண்மைதான். ஸ்டேஷன் கட்டியிருக்கலாம். அணைக்கட்டில் இருந்து ஊர்களுக்குத் தனியாக ஏ.சி. லைன் போட்டிருக்கலாம். பணம் எங்கே செலவாக வேண்டும் என்று யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள். அந்த நாட்டில் இன்றைக்கும் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்சாரம். கிராமங்களில் அதைவிட ரொம்பக் குறைவு.

இருட்டு என்றால் என்ன என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். 2018 நவம்பர் 16, கஜா புயல். நான் ஒன்பதாவது. எங்க தென்னந்தோப்பில் பாதி சாய்ந்துவிட்டது. 24 நாள் கரண்ட் இல்லை. தெருவில் காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து டேங்க்கில் தண்ணி ஏற்றினோம். வெளி மாவட்டத்தில் இருந்து வந்த லைன்மேன் அண்ணன்கள் இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு அம்மா தினமும் சோறு கட்டிக் கொடுத்தாங்க. லைட் எரிந்த அன்றைக்குத் தெருவே கத்தியது.

அந்த 24 நாளைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், கரண்ட் வந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். காங்கோவில் அந்தக் கம்பிக்குக் கீழே பிறந்த ஒருத்தருக்கு 'பவர் கட்' என்ற வார்த்தையே பொருந்தாது. இருந்தால்தானே கட் ஆகும்?

இன்னொரு விஷயம். உலகத்தில் எடுக்கப்படும் கோபால்ட்டில் சுமார் 70 சதவீதம் அந்த நாட்டில் இருந்து வருகிறது. நம்ம போன் பேட்டரிகளில் பெரும்பாலும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு இருக்கிறது. பெரிய கம்பெனிச் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் கையால் தோண்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதில் சிறுவர்களும் இருப்பதை 2016-ல் ஆம்னஸ்டி அறிக்கை வெளியே கொண்டுவந்தது. அன்றைக்கு ஹாஸ்டலில் 6 சதவீதம் சார்ஜுக்காக நான் நாட்டையே திட்டினேனே, அந்த 6 சதவீதத்தைப் பிடித்து வைத்திருந்த உலோகத்தை வெட்டி எடுத்தவர் வீட்டில் ஒரு சுவிட்ச்கூட இல்லாமல் இருக்கலாம்.

இதையெல்லாம் அப்பாயியிடம் சொல்லிவிட்டு, "நாமல்லாம் குடுத்து வெச்சவங்க அப்பாயி" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். நமக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், வயல் மோட்டாருக்கு முழுசும் இலவசம்.

அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னது: "நம்ம ஊருக்கு கரண்டு வந்தப்ப கம்பம் நம்ம தெருவோட நின்னுருச்சு. காலனித் தெருவுக்கு வர இன்னும் அஞ்சாறு வருசம் ஆச்சு. நம்ம மோட்டார் கொட்டாயில லைட்டு எரியும். நம்ம வயல்ல நாத்து நட்டுட்டுப் போறவங்க வீட்டுல சிம்னி விளக்குதான்."

"யாரும் கேக்கலையா?"

"அவங்க கேட்டாங்க. நாங்க கேக்கல."

எனக்கு இது தெரியவே தெரியாது. அந்தத் தெருப் பையன் ஒருத்தன் என்கூட ட்யூஷன் படித்திருக்கிறான். அவன் அப்பா சின்ன வயசில் எந்த வெளிச்சத்தில் படித்தார் என்று நான் யோசித்ததே இல்லை. கொடுத்து வைத்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்வது சுலபம். யார் எனக்குக் கொடுத்தது, யாரை விட்டுவிட்டுக் கொடுத்தது என்று கேட்கும்போதுதான் கூச்சமாக இருக்கிறது. அப்பாயிக்கு காங்கோ எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் கம்பிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டது அதுதான். நாலு வருஷம் படித்த நான் கேட்கவில்லை.

இதனால் நான் என்ன செய்துவிட்டேன்? பெரிதாக ஒன்றுமில்லை. போனைத் தூக்கிப் போடவில்லை. ஆனால் அடுத்த வருஷம் வேலைக்குப் போவேன். எங்கேயோ போகும் ஒரு லைனுக்கு நானும் கணக்குப் போடலாம். அப்போது அப்பாயியின் கேள்வி ஞாபகம் இருக்க வேண்டும்.

இப்போதைக்கு செமினார் ரிப்போர்ட்டின் இறுதிப் பிரதியில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். "வழியில் உள்ள கிராமங்களுக்கு மின்சாரம் எடுக்க முடியாது" என்பதை "எடுக்கவில்லை" என்று போட்டேன். "டெக்னிக்கல் ரிப்போர்ட்ல இது எதுக்குப்பா?" என்று சார் கேட்டார். "அதுதான் சார் சரி" என்றேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.