சின்ன புஷ்

எங்க அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்க கார் வெள்ளை அம்பாசிடர். அது என்னைவிட வயதில் மூத்தது. அதனால் நான் அதை "அக்கா" என்றுதான் சொல்லுவேன்.

மேற்கு வங்காளத்தில் உத்தரப்பாரா என்ற ஊரில் இந்தக் காரைச் செய்தார்கள். 1958இல் ஆரம்பித்து 2014இல் நிறுத்திவிட்டார்கள். அதனால் சாமான் தேடித்தான் வாங்கணும். எங்க காரில் கியர் கம்பி கீழே இருக்காது, ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மேலூரில் இருந்து வரும்போது ஒத்தக்கடை கிட்ட கியர் மாட்டிக்கிட்டது. முன்னாலும் போகலை, பின்னாலும் போகலை. பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். அப்பா பானட்டைத் திறந்து கையாலேயே கம்பியை ஆட்டி எடுத்துவிட்டார். "கம்பி சேருற எடத்துல ஒரு புஷ் இருக்கும் பாப்பா. அது தேஞ்சிருச்சு. அதான் கம்பி லொடலொடங்குது" என்றார்.

திங்கட்கிழமை விடியக்காலை ஒரு தாத்தாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகணும். வாங்கின அட்வான்ஸ் வீட்டு வாடகைக்குப் போய்விட்டது. அம்மா, "ஏங்க, இதைக் காயலான் கடையில போட்டுட்டு வேற வேலை பாருங்க" என்றார். அப்பா ஒன்றுமே பேசவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று சாயந்திரமே அப்பா மதுரைக்குப் போய் மூன்று கடை ஏறி இறங்கிப் புது புஷ் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஊரில் இல்லை. அப்பாவே கம்பியைக் கழற்றினார். பழைய புஷ் ஓட்டையிலேயே இறுகிப்போய் இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டோம். ஸ்குரு டிரைவரால் நெம்பினால் பாதி உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அந்தச் சந்தில் அப்பா கை நுழையவில்லை.

"பாப்பா, ஒன் கை போகுமா பாரு" என்றார். பக்கத்தில் நின்ற சித்தப்பா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குண்ணே இந்த வேலை?" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. உடைந்த ஆக்சா பிளேடில் துணி சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். விரல் கிழிந்தது. ஆனாலும் விடவில்லை. கடைசியில் கொறடால் இழுத்ததும் வந்துவிட்டது!

புது புஷ் உள்ளே போகமாட்டேன் என்றது. கொதிக்கிற தண்ணியில் போட்டால் இளகும் என்று அப்பா சொன்னார். காயலான் கடை என்று சொன்ன அம்மாவே டம்ளரில் சுடுதண்ணி கொண்டு வந்தார். கட்டைவிரலால் அமுக்கினேன். "டக்". பிறகு கிரீஸ் தடவிக் கம்பியை மாட்டினோம். நாலு கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

திங்கட்கிழமை தாத்தா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அன்று ராத்திரி அப்பா சித்தப்பாவிடம், "புஷ்ஷ மாத்துனது எம் மகதான்டா" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

பெரிய தேருக்கும் சின்ன அச்சாணி வேண்டும், உருவத்தைப் பார்த்து இகழாதே என்று 667ஆவது குறளில் படித்தோம். பரீட்சைக்காகத்தான் மனப்பாடம் செய்தேன். இப்போதுதான் புரிந்தது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி