உறையின் பின்பக்கம்

அப்பாவின் பிறந்த நாளுக்கு என் சொந்தப் பணத்தில் ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பேச்சுப் போட்டியில் கிடைத்த பரிசுப் பணம் கையில் இருந்தது. அப்பாவுக்குச் சிறுநீரக நோய் வந்து மூன்று வருடமாகிறது. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறார். மாதக் கடைசியில் மதியச் சாப்பாட்டுக்கு வர நாலு மணி ஆகிவிடும். அந்நேரம் வரை பசியோடு இருக்கிறாரே என்று, பேரீச்சம்பழமும் பாதாமும் முந்திரியும் சேர்த்த ‘எனர்ஜி பார்’ பெட்டி ஒன்றை வாங்கினேன். உள்ளே ஆறு இருந்தன. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று உறையின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தது. எனக்கு ஒரே பெருமை.

அப்பா தினம் ஒன்றாக ஆறையும் சாப்பிட்டார்.

மறுவாரம் மதுரைக்கு இரத்தப் பரிசோதனைக்குப் போனோம். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 5.9 என்று வந்தது. மிஞ்சிய பொட்டாசியத்தை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும், இவருக்கு அது இரத்தத்திலேயே தேங்குகிறது, அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்றார் டாக்டர். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நல்ல வேளையாக அதில் கோளாறு இல்லை. “புதிதாக என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பாமல், “ஒன்றுமில்லையே டாக்டர்” என்றார். நான்தான் அழுதுகொண்டே சொன்னேன்.

உணவு ஆலோசனை சொல்லும் அக்கா என்னைத் திட்டவில்லை. உறையைத் திருப்பிப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். எது அதிக எடையோ அதுதான் பட்டியலில் முதலில் வருமாம். பேரீச்சம்பழத்திலும் வேர்க்கடலையிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 700 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் உறைமேல் சோடியத்தின் அளவைக் கட்டாயம் போட வேண்டுமே தவிர, பொட்டாசியத்துக்கும் பாஸ்பரசுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பட்டியலைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியதுதான். (இதை ஏன் பெரியவர்கள் யாரும் கேட்பதில்லையோ!) 338 முதல் 341 வரையும், 450 முதல் 452 வரையும் எண்கள் இருந்தால் அவை பாஸ்பேட் வகைகள். கொட்டைகளில் இயற்கையாக உள்ள பாஸ்பரசில் ஒரு பகுதிதான் உடலில் சேரும். இப்படிச் சேர்க்கப்பட்டது பெரும்பாலும் முழுவதும் சேர்ந்துவிடும். 508 என்றால் பொட்டாசியம் குளோரைடு. உப்புக்குப் பதிலாகப் போடுவது. புரதம் அதிகம் என்று விற்பதும் அப்பாவுக்கு இப்போது ஆகாது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கோ புரதம் கூடுதலாக வேண்டுமாம். அவரவர் டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில், “பேரீச்சம்பழம் கூடாதென்று உங்களுக்குத் தெரியாதா அப்பா?” என்று கேட்டேன்.

“தெரியும்மா. நீ பரிசுப் பணத்தில் வாங்கியதாயிற்றே” என்றார்.

அதன்பின் எத்தனையோ கடைகளில் எத்தனையோ உறைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். கடைசியில் அரிசிப் பொரியில் செய்த சிறிய பார் ஒன்று அகப்பட்டது. கொட்டையில்லை, சாக்லேட் இல்லை, அந்த எண்களும் இல்லை. அதையும் அந்த அக்காவிடம் காட்டிய பிறகே கொடுத்தேன். வாய்க்குப் பிடிக்காததையோ உடம்புக்கு ஆகாததையோ நான் கொடுத்தால் சொல்லிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறேன்.

முதல் நாளே சொல்லிவிட்டார், ருசி ஒன்றுமில்லை என்று. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவர் வேறென்ன சொல்வார்? எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனாலும் தினமும் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஆபீசுக்குப் போகிறார்.